எஞ்சின் மாற்றிய அம்பாஸிடரும் பெல் போட்ட தேர்ச் சக்கரமும்

பழைய காரில் புது எஞ்சின் வைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம ஊரில் இரண்டே கட்சிதான். ஒரு கட்சிக்கு எத்தனை குதிரைத்திறன் ஏறியது, நூறை எத்தனை விநாடியில் தொட்டது என்பது மட்டும்தான் கணக்கு. இன்னொரு கட்சிக்கு ஒரு போல்ட் மாறினால்கூட ஒரிஜினாலிட்டி போச்சு, கார் செத்துப்போச்சு. இரண்டு தரப்பு வாதங்களையும் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது, இரண்டு பேருமே பானெட்டைத் திறந்து எஞ்சினை மட்டும்தான் பார்க்கிறார்கள். குனிந்து சக்கரத்துக்குள்ளே பார்க்க ஆள் இல்லை.

முதலில் ஒரிஜினல் கட்சியை எடுத்துக்கொள்வோம். அம்பாஸிடரின் ஒரிஜினல் எஞ்சின் எது? கேட்டால் பெரும்பாலும் "1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின்" என்று பதில் வரும். அது இரண்டாவது எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அச்செடுத்த மாதிரி உத்தர்பாராவில் அம்பாஸிடர் தயாரானபோது, அதற்குள் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வ் எஞ்சின். முந்தைய லேண்ட்மாஸ்டரில் இருந்த அதே பழசு. 1959 வாக்கில்தான் மேல் வால்வ் கொண்ட 1489 சி.சி. உள்ளே வந்தது. பிறகு அதே பி.எம்.சி. குடும்பத்து டீசல், 37 குதிரை. முழு குடும்பத்தையும் டிக்கியில் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைப் பக்கம் போனவர்களுக்கு இந்த 37 என்ற எண்ணின் பொருள் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் இசுசூவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன, 75 குதிரை. அதன்பின் இசுசூவின் 2 லிட்டர் டீசல். 2014-ல் ஆலை நிற்கும்வரை வெளியே அதே உருண்டை முகம்.

அதாவது பழைய உடம்பில் புது எஞ்சின் வைப்பதை இந்தியாவில் பெரிய அளவில் செய்தது பட்டறைக்காரர் இல்லை, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே. காரைத் தயாரித்தவரே அரை நூற்றாண்டாகச் செய்துவந்த காரியத்தை, காரை வாங்கியவர் செய்தால் மட்டும் எப்படிப் பாவமாகும்?

பட்டறைகளும் சும்மா இல்லை. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஆயிரக்கணக்கான அம்பாஸிடர்களும் ஜீப்களும் டீசலுக்கு மாறின. மெட்டாடர் வேனின் எஞ்சினைத் தூக்கி அம்பாஸிடருக்குள் வைத்து டாக்ஸியாக ஓட்டியவர்களை என் தலைமுறை நன்றாகவே பார்த்திருக்கிறது. சத்தத்தை வைத்தே தெரு முனையில் கண்டுபிடித்துவிடலாம், அம்பாஸிடர் முகத்தோடு வேன் வருகிறது என்று. அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்கிற கணக்கு. இன்றைக்குப் பல லட்சம் செலவழித்து அதையே செய்தால் அதற்கு ரெஸ்டோமாட் என்று பெயர். பெயர் வந்ததும் மரியாதையும் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் சிங்கர் என்ற நிறுவனம் பழைய போர்ஷே 911-ஐ முழுக்க அவிழ்த்துத் திரும்பக் கட்டித் தருகிறது. அதன் விலையைச் சொன்னால் நம்ம ஊரில் ஒரு கல்யாண மண்டபமே கட்டிவிடலாம்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. இந்தக் கதை போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் 1976-ல் வந்தபோது மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு வந்த கார், பார்த்தால் ஃபெராரி சாயல் அடிக்கும். நம்ம ஆட்கள் அதற்குள் வைத்தது 1991 சி.சி. எஞ்சின். அது இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்காக வரைந்த எஞ்சினின் வழிவந்தது. அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரையும் இழுத்திருக்கிறது, டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியிருக்கிறது. கெட்ட எஞ்சின் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உடம்புக்கு அது மூச்சு வாங்கியது. பெட்ரோலையும் குடித்தது. 1988-ல் கதை முடிந்தது. புது மொந்தையில் பழைய கள் என்று நம்ம ஊரில் சொல்வது இந்தக் காருக்கு அப்படியே பொருந்தும்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் 1984-ல் இதே தவறைக் கான்டெஸாவில் செய்தது. வாக்ஸ்ஹால் விக்டரின் பெரிய உடம்பு, உள்ளே அம்பாஸிடரின் அதே 1489. ஆனால் அவர்கள் சில வருடத்திலேயே இசுசூ 1.8-ஐ உள்ளே வைத்துத் திருத்திக்கொண்டார்கள். கான்டெஸா 2002 வரை ஓடியது. ஸ்டாண்டர்டு 2000 மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எஞ்சின் மட்டுமே என்று சொன்னால் அது மிகை. விலை, வரி, மாருதியின் வரவு எல்லாம் உண்டு. ஆனாலும் உடம்புக்கும் எஞ்சினுக்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஒத்துப்போவது என்றால் என்ன? இங்கேதான் மற்ற கட்சியிடம், பவர் கட்சியிடம், எனக்குச் சண்டை.

இன்று பரவலாகச் செய்யப்படுவது இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினை அம்பாஸிடருக்குள் வைப்பது. ஏன் இன்னோவா? அதன் எஞ்சின் காரின் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தைச் சுற்றுகிறது, அம்பாஸிடரும் அப்படித்தான். ஸ்விஃப்ட், ஐ20 எஞ்சின்கள் எல்லாம் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தைச் சுற்றுபவை. அவற்றை நீளவாக்கில் திருப்பி வைக்க வேண்டுமானால் கியர் பெட்டியிலிருந்து எல்லாமே மாறும். ஆக இன்னோவா தேர்வில் ஒரு நியாயம் இருக்கிறது. எஞ்சின் தாங்கிகளைப் புதிதாகச் செய்து, ரேடியேட்டரை மாற்றி, சம்ப் இடிக்காமல் பார்த்து, புரொபெல்லர் ஷாஃப்டை நீளம் வெட்டி பேலன்ஸ் செய்து, ஒருவழியாக உள்ளே வைத்துவிடலாம். அரியமங்கலம், பால்பண்ணை பக்கம் லாரி வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பெல் வந்த பிறகு இந்த ஊரில் வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது.

வைத்தாயிற்று. இப்போது 55 குதிரைக்கு வரைந்த காரில் 102 குதிரை. அதைவிட முக்கியம் முறுக்குவிசை. நூறு சொச்சம் நியூட்டன் மீட்டர் இருந்த இடத்தில் 200. இந்த இரட்டிப்பு முறுக்கு கிளட்ச் வழியாக, கியர் வழியாக, பின் ஆக்ஸிலின் ஹாஃப் ஷாஃப்ட் வரைக்கும் போகிறது. பின் ஆக்ஸிலை யாராவது மாற்றினார்களா? சிலர் மாற்றுகிறார்கள். பலர் "அம்பாஸிடர் ஆக்ஸில் எல்லாம் இரும்பு சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். இரும்பு என்பது பொருளின் பெயர். எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஆக்ஸில் உடைந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான். எனக்குப் பெரிய கவலை நிற்காத கார். பழைய அம்பாஸிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. காலின் பலம்தான் பிரேக்கின் பலம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். சுமார் 1,100 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1.53 லட்சம் ஜூல். அதே கார் 100-ல் போனால் 4.24 லட்சம். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, ஆற்றல் இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. அத்தனையும் அந்த நான்கு டிரம்களுக்குள் சூடாக மாறி வெளியேற வேண்டும். டிரம் சூடானால் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், மிதி தரையைத் தொடும். முதல் தடவை நின்றுவிடும். திண்டிவனத்திலிருந்து வரும் நாற்கரச் சாலையில் பத்து நிமிடத்துக்குள் மூன்றாவது முறையாக மிதிக்கும்போதுதான் பதில் தெரியும்.

பழைய எஞ்சினுக்கு ஒரு நற்குணம் இருந்தது. அதால் அந்த பிரேக்கை மீறிப் போக முடியாது. எஞ்சினின் பலவீனமே காரின் பாதுகாப்பு ஏற்பாடாக இருந்தது. நான் பிழைப்புக்குச் செய்கிற மென்பொருள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பழைய சிஸ்டம் ஒன்று மெதுவாக ஓடுகிறது என்று அதை மட்டும் மாற்றி வேகமாக்குவோம். அதன் மெதுவான வேகத்தை நம்பித்தான் அடுத்த சிஸ்டம் உயிரோடு இருந்தது என்பது அன்றிரவு தெரியும். எங்கேயும் எழுதி வைக்காத ஒப்பந்தம். அம்பாஸிடரின் எஞ்சினுக்கும் டிரம்முக்கும் நடுவே இருந்ததும் அப்படிப்பட்ட ஒப்பந்தம்தான்.

மென்பொருள் என்றதும் இன்னொன்று. 1489 எஞ்சின் ஒரு தனி இரும்புக் கட்டி. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, மூன்று நான்கு ஒயர், முடிந்தது. புது எஞ்சின் தனியாக வராது. கூடவே இ.சி.யு. என்ற கணினி வரும், பத்துப் பதினைந்து சென்சார் வரும். சாவிக்குள் இருக்கும் சிப்பைத் தேடும், அது கிடைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இதையெல்லாம் ஏமாற்ற ஒரு வழி, புதிய இ.சி.யு. போட்டு மேப் எழுத இன்னொரு வழி. இரண்டும் நம்ம ஊரில் நடக்கிறது. ஆனால் செய்தவர் யார், எந்த மேப், எந்த ஒயர் எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு காரோடு வருவதில்லை. ஐந்து வருடம் கழித்து மழைக்கால ராத்திரியில் கார் நின்றால், பழைய எஞ்சினை விழுப்புரத்தில் எந்த மெக்கானிக்கும் எழுப்பிவிடுவார். இதை எழுப்ப அதைச் செய்தவரே வரவேண்டும்.

சரி, பிரேக்கையும் ஆக்ஸிலையும் சேர்த்தே மாற்றினால் சம்மதமா? சம்மதம்தான் என்று சொல்வதற்கு முன், இதே ஊர் சம்பந்தப்பட்ட வேறு இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டு வரலாம். என் வாதமே அவற்றிலிருந்து பிறந்ததுதான்.

முதல் வண்டி திருவாரூர் ஆழித்தேர். அலங்கரித்து நிற்கும்போது 96 அடி, எடை 300 டன் அளவில். 1926-ல் பழைய தேர் எரிந்து, புதிதாகச் செய்யப்பட்டு, 1948-க்குப் பின் நிலைக்கு வந்து நின்றுவிட்டது. 1970-ல் மீண்டும் ஓடியது. இந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். அனல்மின் நிலையத்துக்கு பாய்லர் செய்கிற அதே ஆலை. கிளாசிக் வண்டியில் நவீன பாகம் பொருத்துவதற்கு உலகத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது, எதை மாற்றினார்கள் என்பது. மரச் சக்கரத்தையும் அச்சையும் மாற்றினார்கள். பிரேக் சேர்த்தார்கள். அதற்கு முன் தேரை நிறுத்த ஒரே வழி, ஓடுகிற சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டையைக் கொடுப்பது. கட்டை போடுகிறவரின் கை ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போகவில்லை. திருப்பத்தில் தேரைத் திருப்புவது இன்றும் கட்டை போடுகிறவர்களின் கைப்பழக்கம்தான். வடம் பிடித்து இழுப்பதும் அப்படியே. கூட்டத்தின் இழுப்பு போதாதபோது பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. அந்த எஞ்சின் தேருக்கு வெளியே இருக்கிறது, விழா முடிந்ததும் தன் வழியே போய்விடும். ஒரு மோட்டாரைத் தேருக்குள் வைத்து, பட்டனை அழுத்தி நான்கு வீதியும் சுற்றவைக்கும் தொழில்நுட்பம் பெல்லிடம் இல்லாமலா இருந்திருக்கும்? அப்படி யாரும் செய்யவில்லை. செய்திருந்தால் தேர் ஓடியிருக்கும், தேரோட்டம் இருந்திருக்காது.

இரண்டாவது வண்டி பொன்மலையில் பிறந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1928-ல் பொன்மலைக்கு வந்தது. நீலகிரி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்கள் பழுது பார்ப்புக்கு வருவது இங்கேதான். மூலத்தில் இவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 முதல் 1952 வரை தயாரானவை. விசேஷமான இயந்திரம் இது. நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மேலே உள்ள இன்னும் இரண்டு சிலிண்டருக்கு அனுப்பி, தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்பட்டையைக் கவ்வி ஏறும் பற்சக்கரத்தைச் சுற்றவைக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவில் ஏறுகிற பாதை.

2002-ல் இந்த எஞ்சின்களில் ஒன்றை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். 2005-ல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2011 முதல் பொன்மலையிலேயே எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரிஜினல் கட்சிக்காரர்களுக்கு இங்கே தலை சுற்ற வேண்டும். பழைய எஞ்சினுக்குள் புது எரிபொருள். அப்புறம் பழைய வரைபடத்துக்கு முற்றிலும் புது எஞ்சின். ஆனாலும் மேட்டுப்பாளையத்தில் ஏறுகிற யாரும் இது போலி என்று சொல்வதில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஏன் என்று யோசித்ததில்தான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

நீராவி எஞ்சினில் நெருப்பு வெளியே எரிகிறது. தண்ணீருக்குச் சூடுதான் வேண்டும். அது நிலக்கரிச் சூடா எண்ணெய்ச் சூடா என்று தண்ணீருக்குத் தெரியாது. சிலிண்டர், பற்சக்கரம், மூச்சு வாங்கும் சத்தம், மலையேறும் விதம், எதுவும் மாறவில்லை. மாறியது ஃபயர்மேனின் வேலை. மண்வெட்டியால் அள்ளிப் போட்டவர் இப்போது வால்வைத் திருகுகிறார். அது ஒரு இழப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குன்னூருக்கு மேலே பல ஆண்டுகளாக இழுத்துவந்த டீசல் எஞ்சினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பயணி வெறும் மலைப்பாதையில் போகிறார். கீழே இருந்தது வேறு அனுபவம். பாதை அதே, பெட்டி அதே, போயிருப்பது நீராவி.

இதில் ஒரு வேடிக்கை: 2021-ல் பொன்மலை புதிதாகக் கட்டி அனுப்பிய எக்ஸ் வகுப்பு எஞ்சின் மறுபடியும் நிலக்கரியில் எரிவது. இருபது வருடம் முன்னேறிப்போய், பிறகு திரும்பி வந்து பழையதைப் புதிதாகச் செய்தார்கள். திரும்பி வர முடிந்தது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். எண்ணெய்க்கு மாறியபோது அவர்கள் எதையும் மீட்க முடியாதபடி தொலைத்துவிடவில்லை. வரைபடம் இருந்தது, அதைச் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு காரிடம் திரும்புகிறேன். காரில் நெருப்பு எஞ்சினுக்கு உள்ளேயே எரிகிறது. அதனால் எஞ்சினை மாற்றினால் சத்தம், நடுக்கம், ஆக்ஸிலரேட்டருக்குப் பதில் சொல்லும் விதம், கியர் எப்போது மாற்ற வேண்டும் என்ற உடம்பின் பழக்கம் எல்லாம் ஒன்றாக மாறும். மாறுவது பாகம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஓட்டுகிறவருக்கு மாறுவது வண்டி. எனக்கு இது குன்னூருக்கு மேலே டீசல் மாட்டிய ரயில் மாதிரிதான்.

பிரேக் அப்படியில்லை. டிரம்மைக் கழற்றி முன்னால் டிஸ்க் போட்டு, பூஸ்டர் வைத்தால் ஓட்டுகிற அனுபவம் அதேதான், உயிர் பிழைக்கும் வாய்ப்பு மட்டும் கூடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பழைய பல்புக்குப் பதில் பளிச்சென்று எரியும் விளக்கு, பின் சீட்டுக்கு பெல்ட், இவையும் அந்த வகை. தேருக்கு பெல் செய்ததும் இதைத்தான்.

வெளிநாட்டிலும் இதே சண்டை நடந்து ஓரளவு தெளிவுக்கு வந்திருக்கிறது. பழங்கால வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, பழைய காரில் மின்மோட்டார் வைத்தால் அதை வரலாற்று வாகனமாகக் கருத முடியாது என்று 2019-ல் சொல்லிவிட்டது. அதோடு நிற்காமல், செய்தே தீருவேன் என்பவர்கள் திரும்ப மாற்றக்கூடிய விதத்தில் செய்யுங்கள், கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள் என்றும் சொன்னது. ஆஸ்டன் மார்ட்டின் 2018-ல் தன் பழைய டி.பி.6 காருக்குச் செய்து காட்டிய மின்மோட்டார் பெட்டி, பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த அதே தாங்கிகளின் மேல் உட்காரும். உடம்பில் ஒரு வெட்டும் கிடையாது. வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுப் பழைய எஞ்சினை வைக்கலாம். பணக்காரர் விளையாட்டுதான், ஆனால் கொள்கை சரி. நம்ம ஊரில் இன்னோவா எஞ்சின் வைக்கும்போது முதல் காரியமே கேஸ் கட்டரால் முன் கிராஸ் மெம்பரை வெட்டுவது. அம்பாஸிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பே சட்டம். வெட்டினால் வெட்டியதுதான்.

பழையதும் புதியதும் சேர்ந்தாலே போலி என்று நான் நினைக்கவில்லை, ஸ்ரீரங்கத்துக்காரன் அப்படி நினைக்கவும் முடியாது. விஜயநகர காலத்து அடித்தளத்தின் மேல் 13 நிலை ராஜகோபுரம் எழுந்து 236 அடியில் முடிந்தது 1987-ல். கோபுரத்தைவிட எனக்கு வயது அதிகம். யாராவது அதைப் புதுசு என்பார்களா? அடித்தளத்தை இடித்துவிட்டா கட்டினார்கள்? அதன் மேல் கட்டினார்கள். கோயில் திருப்பணியில் பாலாலயம் என்று ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் சந்நிதியின் சக்தியை வேறிடத்துக்கு மாற்றி வைத்து, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவது. ஆன்மிகத்தை விட்டுவிட்டு ஒரு பராமரிப்பு முறையாகப் பார்த்தாலும் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கை வைக்கும் முன், எதை இழக்கக்கூடாது என்று பெயர் சொல்லி எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம், உத்தர வீதி பக்கம் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டு வாசலில் நிற்கும் 1972 அம்பாஸிடர் மார்க் 2. அவர் அப்பா வாங்கியது. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, புகை விடுகிறது. ஒரு பட்டறையில் இன்னோவா எஞ்சினுக்கு விலை சொல்லி, முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். "நீ என்னப்பா சொல்றே?" என்று கேட்டார். நான் அவரிடம் முதலில் பேசியது அழகியல் இல்லை, சட்டம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அபராதம்கூடப் பெரிதில்லை. ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் எண், வண்டியில் இன்னொன்று என்று இருந்து, காவிரிப் பாலத்தில் யார் மீதாவது மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்று யோசியுங்கள். இதில் ஒரு முரணும் உண்டு. அதே 52-ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து மின்சாரத்துக்கோ சி.என்.ஜி.க்கோ மாற்ற வழி விடுகிறது. ஆக 1489-ஐத் தூக்கிப் போட்டு பேட்டரி வைக்க வழி உண்டு, இன்னொரு டீசல் எஞ்சின் வைக்க வழி இல்லை. புகைக்கு எழுதிய விதி, பாரம்பரியத்தைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது.

இன்னொரு விதி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு எண். பத்து வருடம் செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும். அவருடைய 1972 மாடல் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இன்னோவா எஞ்சின் உள்ளே போன மறுநாள் அந்தக் கதவு மூடிவிடும். இந்த விதியிலும் எனக்குக் குறை உண்டு. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றத்தையும் பவருக்காகச் செய்யும் மாற்றத்தையும் அது தெளிவாகப் பிரிக்கவில்லை. பழைய காருக்கு நல்ல பிரேக் போடுவதை ஊக்குவிக்கும் ஒரு வரி அதில் இருந்திருக்க வேண்டும்.

எஞ்சின் பற்றி அவருக்கு இருந்த பயம் உதிரிபாகம். அது தேவையில்லாத பயம். 1489 சி.சி. என்பது எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த அதே பி.எம்.சி. 'பி' வரிசை. எம்.ஜி. பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கும்வரை இந்தக் குடும்பத்துக்கு பிஸ்டனும் பேரிங்கும் யாராவது செய்துகொண்டேதான் இருப்பார்கள். இங்கேயும் பிளாக்கை போரிங் போட்டு, கிராங்கை கிரைண்டிங் செய்து தர ஆள் இருக்கிறார்கள். இன்னோவாவுக்குச் சொன்ன தொகையில் சிறு பகுதிதான் ஆகும்.

"அப்ப ஸ்பீடு?" என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து மாம்பழச் சாலை தாண்டி மெயின்கார்டு கேட் போக எந்த ஸ்பீடு வேண்டும் என்று நான் கேட்டதற்கு பதில் வரவில்லை. அவர் பையனுக்கு நாற்கரச் சாலையில் ஓட்ட ஆசை, அதுதான் விஷயம். அந்த ஆசைக்கு வேறு கார் வாங்கிக் கொடுங்கள் என்றேன். பையனுக்கு என் மேல் கோபம் இருக்கும்.

போன மாதம் பிளாக் போரிங்குக்குப் போய் வந்தது. முன் பிரேக்குக்கு பூஸ்டரும் டிஸ்க்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இசுசூ அம்பாஸிடர் காலத்து பாகங்களே பொருந்துமா, ஸ்டப் ஆக்ஸில் அளவு ஒத்துவருமா என்று அளந்து பார்க்க வேண்டும். கழற்றும் டிரம்களைக் கிரீஸ் தடவி சாக்கில் சுற்றிப் பரணில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே க்ளவ் பாக்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, எதைக் கழற்றினோம், எதைப் போட்டோம், பழையது எங்கே இருக்கிறது. முதல் இரண்டு பக்கத்தைப் பையன்தான் எழுதியிருக்கிறான், கொஞ்சம் கோணலான எழுத்தில்.